காஸ்ட் அயர்ன் புல்லட் 350: பல வருடம் நின்றுபோன எஞ்சினைத் திரும்பக் கோர்ப்பது

கருப்பு350
வணக்கம். எஞ்சின் 1984 மாடல் புல்லட் 350. 6 வோல்ட், பாயிண்ட் செட் (ஸ்பார்க் வரும் நேரத்தில் திறக்கும் சுவிட்ச்), நாலு கியர் ஆல்பியன் கியர்பெட்டி. பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடாமல் நின்றது. இப்போது முழுசாகப் பிரித்து டப்பா டப்பாவாக இருக்கிறது.

நிலவரம்: கிராங்க் கேஸ் இரண்டு பாதியும் விரிசல் இல்லை. கிராங்க் இன்னும் பிரிக்கவில்லை. போரில் (சிலிண்டரின் உள்சுவர்) பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் துருக் கோடு இருக்கிறது. டைமிங் கவரில் (கேம் கியர்களை மூடும் பக்க மூடி) இரண்டு ஆயில் பம்பும் இறுகிக் கிடக்கின்றன. கேம் பல் நன்றாக இருக்கிறது. வால்வ் இரண்டிலும் கார்பன்.

எந்த வரிசையில் கோர்ப்பது, எங்கே புதுசு போட வேண்டும், எங்கே பழசே போதும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆயில்பாதை
தம்பி, ரீபோரும் (போரைப் பெரிதாகக் குடைவது) பிஸ்டனும் பிறகு பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் அடிமுனை) எண்ணெய் போகுமா?

இது டிரை சம்ப் எஞ்சின், அதாவது கிராங்குக்கு அடியில் எண்ணெய் தேங்காத வகை. ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே ஓர் அறை. அங்கிருந்து ஊட்டும் பம்ப் இழுத்து, ஃபில்டர் வழியாக டைமிங் கவருக்குள் தள்ளுகிறது. கவரிலிருந்து கிராங்க் ஷாஃப்ட் முனையில் உள்ள ஓட்டைக்குள் இறங்கி, ஃப்ளைவீலுக்குள் ஏறி, கிராங்க் பின் வழியாக, பின்னுக்கும் ராடுக்கும் நடுவில் உள்ள புஷ்ஷுக்கு (உலோக வளையம்) போகிறது. கீழே வடிந்ததைத் திருப்பும் பம்ப் எடுத்து டேங்குக்கு அனுப்புகிறது. இந்த வண்டியில் ஆயில் பிரஷர் விளக்கு கிடையாது. வழியில் எங்கே அடைத்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது. தட்டும் சத்தம் கேட்கும்போது புஷ் போயிருக்கும்.

அதனால் பிரித்த நிலையிலேயே செய்ய வேண்டியது:

ஆயில் கேனின் மூக்கை டைமிங் பக்க ஷாஃப்ட் முனை ஓட்டையில் அழுத்திப் பிடித்து எண்ணெய் அடியுங்கள். பிக் எண்டின் இரண்டு பக்கமும் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் கிராங்க்குக்குள் பழைய எண்ணெய் தார் போல உறைந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறவிட்டு, காற்று அடித்து, மறுபடி பாருங்கள். அப்படியும் வராவிட்டால் கிராங்கைப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

கேஸிலும் டைமிங் கவரிலும் உள்ள ஒவ்வொரு ஓட்டைக்கும் மறுமுனை எது என்று கண்டுபிடியுங்கள். ஒரு முனையில் மண்ணெண்ணெய் அடித்தால் மறுமுனையில் அதே வேகத்தில் வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. நைலான் தூண்டில் நரம்பு விட்டுத் துழாவலாம். இரும்புக் கம்பி வேண்டாம், அலுமினியத்தைச் சுரண்டிவிடும்.

பளபளப்பு
கேஸை சாண்ட் பிளாஸ்ட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடுமே, ஓட்டை எல்லாம் அதிலேயே சுத்தமாகிவிடாதா?

ஆயில்பாதை
தயவுசெய்து வேண்டாம். மணல் துகள் ஆயில் வழிக்குள்ளும் மரை ஓட்டைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் ஒன்றிரண்டு தங்கும். எஞ்சின் சூடானதும் அது எண்ணெயோடு கிளம்பி நேரே பம்புக்கும் புஷ்ஷுக்கும் போகும். காஸ்டிக் சோடாத் தொட்டியும் கூடாது, அலுமினியத்தையே தின்றுவிடும். டீசல், மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், கடைசியில் சோப்புத் தண்ணீர், உடனே காற்று அடித்து உலர்த்தல். இது போதும். வெளித்தோற்றம் முக்கியம் என்றால் கோர்த்து முடித்த பிறகு வெளிப்பக்கத்தைக் கையால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

லேத்மேசை
கிராங்க் பற்றி நான் சொல்கிறேன். 350-ன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் நேராக இல்லாவிட்டால் அதிர்வு உடனே கைப்பிடியில் தெரியும்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நேர் மேலும் கீழும் 'டக்' என்று கைக்குத் தெரிந்தால் புஷ் போய்விட்டது. எண்ணெய் போட்ட பிறகு ராடை நிமிர்த்தி விட்டால் தன் எடையிலேயே விழ வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் பிடித்து நின்றால் கிராங்க் பின்னில் துரு அல்லது கீறல் இருக்கும்.

பிறகு இரண்டு பக்க ஷாஃப்ட்டையும் லேத் சென்டரில் ஏற்றி டயல் கேஜ் வையுங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் ஊசி 0.05 மி.மீ.க்குள் ஆடினால் போதும், தொடாதீர்கள். அதற்கு மேல் போனால் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொடுங்கள். சுத்தியலால் ஃப்ளைவீலைத் தட்டி நேராக்கலாம், ஆனால் தினமும் அதையே செய்கிறவர் கை வேண்டும்.

சின்ன எண்டு புஷ் (ராடின் மேல்முனை வளையம்): பிஸ்டன் பின் எண்ணெயோடு கட்டைவிரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும், ஆடக் கூடாது.

கருப்பு350
நன்றி சார். ஆயில் கேன் வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் வருகிறது. மேல் கீழ் ஆட்டம் இல்லை. எப்படியும் பிரித்த எஞ்சின்தானே, ஃப்ளோட்டிங் புஷ்ஷை எடுத்துவிட்டு ரோலர் (உருளை பேரிங்) பிக் எண்டு போட்டுவிடலாமா? நிறையப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள்.

சாலை350
போட்டுவிடுங்கள். ரோலருக்குக் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலே போதும். புஷ்ஷுக்கு எண்ணெய்ப் படலம் அறுந்தால் அந்த நிமிடமே போச்சு. இந்தப் பம்ப் அழுத்தம் குறைவாகத் தரும் பம்ப், அதற்கு ரோலர்தான் பொருத்தம்.

லேத்மேசை
நீங்கள் சொல்லும் காரணம் சரி. ரோலர் எண்ணெய்க் குறையைத் தாங்கும். ஆனால் இவருடைய கிராங்கில் இப்போது கோளாறு எதுவும் இல்லை. ரோலருக்குக் கிராங்க் பின் வேறு, ராடு கண்ணையும் அதற்கேற்ப வேலை செய்ய வேண்டும், கிராங்கை முழுக்கப் பிரித்து அழுத்தித் திரும்ப நேராக்க வேண்டும். நன்றாக இருக்கும் கிராங்கைப் பிரிப்பதில்தான் கெடுதல் அதிகம். புஷ் ஆட்டம் இல்லை, எண்ணெய் வருகிறது, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டப்போகிறார் என்றால் இருப்பதே போதும். புஷ் போயிருந்தால் அப்போது ரோலர் போடுங்கள், நானும் அதையே சொல்வேன்.

மெயின் பேரிங் வேறு கதை. நின்ற வண்டியில் தண்ணீர் கீழே தேங்கும். குண்டு நின்ற இடத்தில் பாதையில் சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கும். பெட்ரோலில் கழுவி, எண்ணெய் இல்லாமல் காதருகே வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். சரசரவென்றால் தூக்கி எறியுங்கள். பழைய பேரிங்கின் மேலேயே எண் பொறித்திருக்கும், அதைக் காட்டியே வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடில் பேரிங் கடைகளில் கிடைக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு போங்கள், உள் இடைவெளி அதில்தான் இருக்கிறது.

ஆயில்பாதை
பேரிங் ஏற்றும்போது அடித்து ஏற்றாதீர்கள். பேரிங்கை முந்தின இரவு ஃபிரீசரில் வையுங்கள். கேஸை அடுப்பு மேல் தடித்த இரும்புத் தகடு போட்டு மெதுவாக, ஒரே சீராகச் சூடாக்குங்கள். தண்ணீர்த் துளி தெளித்தால் உடனே கொதித்து ஓட வேண்டும், ஏறக்குறைய 100 டிகிரி. அந்த நிலையில் பேரிங் தானாகவே உள்ளே விழும். கேஸ் வெல்டிங் டார்ச்சால் ஒரே இடத்தில் சூடாக்கினால் கிராங்க் கேஸ் கோணிவிடும்.

சிலிண்டர் ஸ்டட் மரைகளை இப்போதே சோதியுங்கள். அலுமினியத்தில் மரை வழுக்கியிருந்தால் ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போடுவதற்கு இதுதான் நேரம். ஹெட் இறுக்கும்போது தெரிந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

இன்னொன்று. பழைய வண்டியில் மரைகள் பிரிட்டிஷ் அளவு. மெட்ரிக் நட்டு முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். கையால் முழுசாக ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

கருப்பு350
கேஸ் இரண்டு பாதியை ஒட்டுவதற்கு கேஸ்கெட் செட்டில் எதுவும் வரவில்லையே?

ஆயில்பாதை
அங்கே கேஸ்கெட் கிடையாது. உலோகத்தோடு உலோகம், நடுவில் பசை மட்டும்.

பழையபட்டறை
ஷெல்லாக்தான். மெல்லிசா ஒரு பூச்சு, பத்து நிமிஷம் ஆற விட்டு மூடு. பிறகு பிரிக்கணும்னா ஸ்பிரிட்ல கரைஞ்சிடும்.

சாலை350
ஷெல்லாக் எல்லாம் அந்தக் காலம். அனபாண்ட் கம்பெனி சிலிகான் பசை போட்டால் ஒரு சொட்டுக் கசியாது.

ஆயில்பாதை
கேஸ் பாதிகளுக்கு எது வேண்டுமானாலும் போடுங்கள், கஞ்சத்தனமாகப் போடுங்கள். சிலிகான் என்றால் விரலில் தொட்டு, கீழே உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்த்துவிடுவது போதும். ட்யூபிலிருந்து கோடு போட்டு வைத்தால் வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது காய்ந்து, கழன்று, எண்ணெயில் மிதக்கும்.

டைமிங் கவருக்கு மட்டும் சிலிகான் கூடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தக் கவரின் முகத்திலேயே ஆயில் வழி ஓட்டைகள் இருக்கின்றன. காகித கேஸ்கெட்டில் அதே இடத்தில் துளை இருக்கும். சிலிகான் பிதுங்கி அந்தத் துளையை மூடினால் பிக் எண்டுக்கு எண்ணெய் நின்றது. புதிதாகக் கோர்த்த புல்லட் நூறு கிலோமீட்டருக்குள் தட்ட ஆரம்பித்தால் நான் முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்லும் இடம் இது. கேஸ்கெட் செட் வாங்கியதும் டைமிங் கவர் கேஸ்கெட்டைக் கவரின்மேல் வைத்து ஒவ்வொரு துளையும் ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மட்டமான செட்டில் துளை சிறிதாகவோ விலகியோ இருக்கும். கேஸ்கெட்டின் இரு பக்கமும் கிரீஸ் தடவி வைத்தாலே போதும்.

பழையபட்டறை
இதை நானும் ஒத்துக்கிறேன். கிரீஸ் போட்டா அடுத்த தடவை கேஸ்கெட் கிழியாம வரும்.

லேத்மேசை
கேஸ் மூடிய பிறகு: நட்டு எல்லாம் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். இறுக்கம் தெரிந்தால் ஒரு பேரிங் முழுசாக உட்காரவில்லை, அல்லது இரண்டு பாதி கோணலாகச் சேர்ந்திருக்கிறது. நட்டைத் தளர்த்தி, தோல் சுத்தியலால் ஷாஃப்ட் முனையில் லேசாகத் தட்டி, மறுபடி இறுக்குங்கள். அப்படியும் இறுக்கமாக இருந்தால் பிரியுங்கள். 'ஓட ஓடச் சரியாகும்' என்று விடாதீர்கள். ராடு சிலிண்டர் வாயின் நடுவில் நிற்கிறதா என்றும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில்பாதை
இனி டைமிங் பக்கம். அவசரப்படாமல் செய்யுங்கள்.

கிராங்க் பினியன், இரண்டு கேம் வீல்கள், எல்லாவற்றிலும் புள்ளிக் குறி இருக்கும். பிஸ்டன் மேல் முனையில் நிற்கும்படி கிராங்கை வைத்து, புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மாட்டுங்கள். பிறகு இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பவும் அதே இடத்தில் சேர்கின்றனவா என்று பாருங்கள். பழைய குறி அழிந்திருக்கலாம். பிரிப்பவர் சுரண்டி வைத்த போலிக் குறியும் இருக்கலாம், உளி அடித்த குறிக்கும் தொழிற்சாலைக் குறிக்கும் வித்தியாசம் தெரியும். கேம்களுக்குக் கொஞ்சம் நீளவாட்டு ஆட்டம் இருக்க வேண்டும், 0.1 மி.மீ. அளவு. கவர் மூடியதும் ஆட்டமே இல்லை என்றால் ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய வாஷர்) அதிகம்.

பினியனைப் பிடிக்கும் வோர்ம் (திருகுப் பல்) நட்டு இடது மரை. இதைத் தெரியாமல் வழக்கம்போல இடது பக்கம் தள்ளிக் கழற்றப் பார்த்து ஷாஃப்ட் மரையைக் கெடுத்தவர்கள் நிறைய. இறுக்கும்போதும் அதே நினைவு வேண்டும்.

இந்த வோர்ம்தான் பம்ப் ஸ்பிண்டிலைச் சுற்றுகிறது. பம்ப் இறுகிக் கிடக்கும்போது ஒரே ஒரு முறை கிக் அடித்தாலும் ஸ்பிண்டில் பல் உதிர்ந்துவிடும். உங்கள் பம்ப் இரண்டும் இறுகியிருக்கின்றன என்றீர்கள். ஸ்பிண்டில் பல்லை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கத்தி முனையாகத் தேய்ந்திருந்தால் புதுசு, யோசிக்கவே வேண்டாம்.

பம்ப் தட்டுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊற வையுங்கள். தட்டின் தட்டை முகமும் அது உட்காரும் கவர் முகமும் ஒன்றோடொன்று முழுசாகப் பொருந்தினால்தான் பம்ப் இழுக்கும். மெட்டல் பாலிஷ் அல்லது மிக மெல்லிய வால்வ் பேஸ்ட் ஒரு பொட்டு வைத்து, தட்டை அதன் இடத்திலேயே வைத்து அரை வட்டமாகத் திருப்பித் திருப்பி அரையுங்கள். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். பிறகு பேஸ்ட் ஒரு துகள்கூட இல்லாமல் கழுவுங்கள். இந்தப் பொருத்தம் சரியில்லாததால்தான் நிற்கும் வண்டியில் டேங்க் எண்ணெய் முழுக்கக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடுகிறது.

பம்ப் மூடியை வெறுமனே வைத்தால் ஸ்பிரிங் அதைத் தள்ளித் தூக்கி நிறுத்த வேண்டும். தள்ளாவிட்டால் ஸ்பிரிங் செத்துவிட்டது. மூடும் முன் பம்ப் குழியை எண்ணெயால் நிரப்புங்கள்.

கருப்பு350
டைமிங் கவர் நடுவில் ஒரு கார்க் மாதிரி நொறுங்கிப்போன துண்டு இருந்தது. அது எதற்கு?

ஆயில்பாதை
நல்ல வேளை கேட்டீர்கள். கவரிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட்டுக்குள் எண்ணெய் போகும் இடத்தை அடைப்பது அந்தக் கார்க் சீல் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் பம்ப் தள்ளும் எண்ணெய் முழுக்க டைமிங் அறைக்குள்ளேயே கொட்டி, திருப்பும் பம்ப் வழியாக டேங்குக்குத் திரும்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எண்ணெய் நன்றாகச் சுற்றுவது போலவே இருக்கும். பிக் எண்டுக்கு மட்டும் போகாது.

புது கார்க்கை எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள். கவரைக் கேஸோடு சேர்த்து வைத்தால், கார்க் தடுத்து, கவர் சற்றே விலகி நிற்க வேண்டும். திருகு இறுக்கும்போதுதான் கார்க் அமுங்கி முகம் சேர வேண்டும். கவர் எந்தத் தடையும் இல்லாமல் போய் ஒட்டிக்கொண்டால் கார்க் மெல்லிசு, வேறு வாங்குங்கள். கவரைத் தள்ளும்போது வோர்ம் பல் சேரவில்லை என்றால் தட்டாதீர்கள், கிராங்கைக் கொஞ்சம் சுற்றுங்கள், தானாகச் சேரும்.

லேத்மேசை
போர் விஷயம். துருக் கோடு நகத்தில் தட்டுப்பட்டால் ஹோனிங் (கல்லால் லேசாகத் தேய்ப்பது) போதாது. போரை மூன்று உயரத்தில், முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் அளந்து பாருங்கள். மேல் பக்கத் தேய்மானம் 0.2 மி.மீ.யை நெருங்கினால் ரீபோர்தான்.

ரீபோர் என்றால் முதலில் பிஸ்டனை வாங்குங்கள். 20, 40, 60 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஓவர்சைஸ் வரும். அந்தப் பிஸ்டனையே பட்டறையில் கொடுத்து, அதன் ஸ்கர்ட்டை (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) அளந்து, அதற்கேற்பப் போர் பண்ணச் சொல்லுங்கள். '20 தௌ போடுங்க' என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால், பெட்டியில் எழுதிய அளவுக்கும் உள்ளே இருக்கும் பிஸ்டனுக்கும் உள்ள வித்தியாசம் இடைவெளியில் போய் நிற்கும். இடைவெளி பிஸ்டன் செய்தவர் எழுதியபடி. எழுதியிருக்காவிட்டால் ஸ்கர்ட்டின் அடியில் 3 முதல் 4 தௌ.

ஹோனிங் கோடு 45 டிகிரியில் குறுக்குமறுக்காகத் தெரிய வேண்டும். பிறகு கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்ரோலால் கழுவினால் அரைத்த தூள் கோட்டுக்குள்ளேயே தங்கும். வெந்நீர், சோப்புத் தூள், பிரஷ். வெள்ளைத் துணி விட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டக் கூடாது. ஒட்டாத வரை கழுவுங்கள். முடித்த கையோடு எண்ணெய் தடவுங்கள், காஸ்ட் அயர்ன் ஈரத்தில் கண்முன்னாலேயே துரு ஏறும்.

ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் ஓர் அங்குலம் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபில்லர் கேஜால் பாருங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்கட்டும். 0.25-க்குக் கீழே இருந்தால் சூட்டில் இரண்டு வாயும் முட்டி, ரிங் போரைக் கீறும். அரம் வைத்து ஒரு முனையை மட்டும் நேராகத் தேயுங்கள். மாட்டும்போது வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி இருக்கட்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்லிப் இரண்டும் புதுசு.

சாலை350
ஹெட்டுக்கு என் பங்கு. வால்வ் லேப் செய்த (பேஸ்ட் வைத்து இருக்கையில் அரைத்த) பிறகு, ஸ்பிரிங் மாட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். வால்வ் முகத்தில் ஈரம் தெரிந்தால் மறுபடி லேப். டிகம்ப்ரஷன் வால்வையும் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வ்) மறக்காமல் லேப் செய்யுங்கள். அது கசிந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் வராது, காரணமும் பிடிபடாது.

ராக்கர் பேரிங் பிளாக்குகள் இரண்டு துண்டு, ஜோடி ஜோடியாகக் குடைந்தவை. ஒன்றின் மூடியை இன்னொன்றில் போட்டால் ராக்கர் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் ஓட்டை இருக்கும் பக்கம் மாறினால் ராக்கர் வறண்டு ஓடும். இறுக்கியதும் ராக்கர் விரலில் லேசாக ஆட வேண்டும்.

வால்வ் தண்டு முனையில் சின்னத் தொப்பி இருக்கும். கோர்க்கும்போது எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அல்லது டப்பாவிலேயே தங்கிவிடும். புஷ் ராடு (கேமின் தள்ளலை ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி) மாட்டும் முன் தொப்பி இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். புஷ் ராடு இரண்டும் ஒரே நீளமாக இருக்காது, எது எங்கிருந்து வந்தது என்று நூல் கட்டி வையுங்கள்.

ஹெட் நட்டைக் குறுக்குமறுக்காக மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஒரு சூடு ஏறி ஆறிய பிறகு மறுபடி ஒரு முறை.

கருப்பு350
டேப்பட்டுக்கு (வால்வ் இடைவெளி) எத்தனை தௌ வைக்க வேண்டும்?

பழையபட்டறை
புல்லட்டுக்குக் கேஜே வேணாம் தம்பி. எஞ்சின் குளிர்ந்து இருக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன் முனையில, அதாவது ரெண்டு வால்வும் மூடின மேல் முனையில நிக்கணும். சிலிண்டர் பக்கத்து மூடியைத் திறந்தா அட்ஜஸ்டர் தெரியும். இடைவெளி பூஜ்யம். ஆனா புஷ் ராடு ரெண்டு விரல்ல சுத்தணும். மேலயும் கீழயும் ஆட்டம் இருக்கக் கூடாது, சுத்துறதுல இறுக்கமும் இருக்கக் கூடாது. லாக் நட்டு இறுக்கினதும் இன்னொரு தடவை சுத்திப் பாரு, இறுக்கும்போது மாறிடும். ரொம்ப டைட்டா வச்சா சூட்டுல வால்வ் மூடாது, எக்ஸாஸ்ட் வால்வ் எரிஞ்சிடும்.

மின்பொறி6வோ
இக்னிஷனுக்கு நான். பாயிண்ட் முகம் நின்ற வண்டியில் பூத்திருக்கும். மெல்லிய அரத்தால் ஒரு தேய், பிறகு பெட்ரோல் நனைத்த அட்டையால் துடையுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.

அதற்கு முன், வேகம் ஏறும்போது ஸ்பார்க்கை முன்னதாக்கும் அட்வான்ஸ் எடைகளைப் பாருங்கள். பழைய கிரீஸ் காய்ந்து எடைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். விரிந்த நிலையில் ஒட்டியிருந்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். மூடிய நிலையில் ஒட்டியிருந்தால் வண்டி ஓடும், ஆனால் இழுக்காது, சைலென்ஸர் வளைவு நீலமாகும். கழற்றி, கழுவி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய்.

டைமிங்: எடைகள் மூடிய நிலையில், மேல் முனைக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். திறப்பதைக் கண்ணால் பார்க்காதீர்கள். வண்டியிலேயே அம்மீட்டர் இருக்கிறது. இக்னிஷனைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை ஊசி டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். திறந்த கணமே நடுவுக்கு வரும். சிகரெட் தாளைப் பாயிண்டுக்குள் வைத்து இழுத்தும் பார்க்கலாம், தாள் விடுபடும் இடம்தான் திறப்பு.

கண்டன்ஸரைப் புதுசாகப் போட்டுவிடுங்கள். பழசு குளிரில் ஓடவிடும், சூடானதும் நிறுத்தும்.

சாலை350
பிரைமரி பக்கம் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குச் செயின் போகும் பக்கம்) சுருக்கமாக: ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் சுற்றிலும் 8 தௌ, எங்கும் உரசக் கூடாது. செயின் மேல் ஓட்டத்தில் கால் அங்குலத் தளர்வு. கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கும், பிரித்துத் துடையுங்கள். வெளிக் கவரைப் பிடிப்பது நடு நட்டு ஒன்றுதான், கசிகிறது என்று அதை முறுக்கினால் கவர் வளையும், கசிவு கூடும். ரப்பர் சீலை மாற்றுங்கள்.

கியர்பெட்டிக்குள் பழைய கிரீஸ் கட்டியாகச் சுவரில் ஒட்டியிருக்கும், பல்லுக்கு வராது. முழுக்க வழித்தெடுத்துவிட்டுப் புதுசு.

ஆயில் பிரீத்தர் (கிராங்க் அறைக் காற்றை வெளியே விடும் வழி) முனையில் இருக்கும் ரப்பர் வாத்து மூக்கும் மாற்ற வேண்டியது. கல்லாகிப்போனால் கிராங்க் அறையில் காற்றழுத்தம் ஏறி, நீங்கள் ஒட்டிய ஒவ்வொரு மூட்டிலும் எண்ணெய் கசியும்.

கருப்பு350
எல்லாம் மூடிவிட்டேன். நேரடியாக ஸ்டார்ட் செய்யலாமா?

ஆயில்பாதை
கூடாது. இப்போது ஃபில்டர் அறை காலி, வழிகள் காலி.

20W-50 மினரல் ஆயிலை அளவுக் கம்பியின் மேல் கோடு வரை ஊற்றுங்கள், சுமார் 2.25 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் மூடியைத் திறந்து அந்த அறையையும் எண்ணெயால் நிரப்புங்கள். ஃபில்டரின் வாஷரும் ஸ்பிரிங்கும் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் போக வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஹெட்டுக்குப் போகும் ராக்கர் ஆயில் குழாயின் மேல் போல்ட்டைத் தளர்த்தி, நிதானமாகக் கிக் அடியுங்கள். எண்ணெய் அங்கே வந்து பொங்கும் வரை அடியுங்கள். வராவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், பம்ப் மூடியைத் திறந்து பாருங்கள். வந்ததும் செம்பு வாஷர் புதுசாகப் போட்டு இறுக்குங்கள். ஃபில்டர் அறைக்குப் போனதை ஈடுகட்ட டேங்கில் அளவைத் திரும்பப் பாருங்கள்.

பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோல் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை ஊதவைக்கும். குழாயைப் புதுசாக மாற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் நின்ற இடத்தில் வெகுநேரம் ஐடிலில் விடாதீர்கள். காற்றில் குளிரும் எஞ்சின், எதிரே மின்விசிறி வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறவிட்டு, ஹெட்டையும் டேப்பட்டையும் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் வேகம் 50-ஐத் தாண்ட வேண்டாம். மேட்டில் உயர் கியரில் திணறவிடுவதும் கூடாது, அது வேகத்தைவிடக் கெடுதல்.

கருப்பு350
ஸ்டார்ட் ஆகிறது, சத்தமும் சீராக இருக்கிறது. இரண்டு வாரம் நிறுத்திவிட்டு இன்று எடுத்தால் வெள்ளையாகப் புகை கக்குகிறது, கம்பியில் ஆயில் அளவும் குறைந்துவிட்டது. ரிங் தப்பா?

பழையபட்டறை
ரிங் இல்ல. எண்ணெய் கீழ இறங்கியிருக்கு. கம்பில குறைவா தெரியுதுன்னு மேல ஊத்திடாத.

ஆயில்பாதை
ஆமாம், டேங்க் எண்ணெய் பம்ப் தட்டைத் தாண்டிக் கிராங்க் அறைக்கு வந்திருக்கிறது. கேஸ் அடியில் கிராங்க் அறைக்குத் தனி வடிகால் திருகு உண்டு. அதைத் திறந்து வடித்து, அதே எண்ணெய் சுத்தமாக இருந்தால் டேங்கில் ஊற்றி ஓட்டுங்கள். புகை ஐந்து நிமிடத்தில் நின்றால் எல்லாம் சரி. இரண்டு வாரத்தில் இந்த அளவு இறங்குவது இந்த எஞ்சினில் நடப்பதுதான். ஒரே இரவில் இறங்கினால் பம்ப் தட்டை மறுபடி அரைக்க வேண்டும்.

முதல் எண்ணெயை 50 கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள். வடிப்பதை வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்து, ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய கரும்பசை ரிங்கும் கியர் பல்லும் பழகுவது, முதல் முறை வரத்தான் செய்யும். மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் சின்ன எண்டு புஷ்ஷைச் சந்தேகப்படுங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறச் செதில், நகத்தால் எடுக்கும் அளவில் இருந்தால், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு டைமிங் கவரைக் கழற்றி கார்க்கைப் பாருங்கள்.